புகை பார்க்கும் வேலை: காட்டுத்தீக் கோபுரங்களும் அண்ணாமலைக் காவலும்

காட்டுத்தீயில் முதல் அரைமணி நேரம்தான் மனிதனுக்குச் சாதகமான நேரம். சருகிலோ காய்ந்த புல்லிலோ பற்றிய தீயை அந்த நேரத்துக்குள் நாலைந்து பேர் பச்சைக் கொப்பு ஒடித்து அடித்தே அடக்கிவிடலாம். காற்று கிளம்பிவிட்டாலோ, தீ மலைச்சரிவைப் பிடித்துவிட்டாலோ நாற்பது பேர் வந்தாலும் போதாது. சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. கீழே எரியும் தீ தனக்கு மேலே உள்ள புல்லைச் சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே ஏறுவதுதான் காரணம். அதனால் காட்டைக் காக்க நினைத்த எல்லா நாடுகளிலும் முதலில் எழுந்த கேள்வி தீயை எப்படி அணைப்பது என்பதைவிட, புகையை யார் முதலில் பார்ப்பது என்பதாகவே இருந்தது. உயரமான இடத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து நாள் முழுக்கக் காட்டைப் பார்க்கச் சொல்லும் வேலையும், அந்த ஆளுக்காகக் கட்டிய கோபுரங்களும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

இந்தியாவில் காட்டுத்தீத் தடுப்பு ஓர் அரசுப் பணியானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். சென்னை மாகாணத்தில் 1856இல் வனத்துறை தோன்றியது. மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் வனப் பாதுகாவலர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் அதே 1856இல்தான். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததற்குப் பின்னால் தொடர்பு உண்டு. தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் மரம் வேண்டியிருந்தது. மரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்குப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டியிருந்தது. காடு வருவாய் தரும் சொத்து என்று ஆனபிறகுதான் அதில் எரியும் தீ நஷ்டக் கணக்கில் வந்தது. அதற்கு முன்பும் காடு எரிந்தது. மேய்ப்பவர்கள் புதுப்புல் துளிர்க்கவும், மலைவாசிகள் புனக்காடு திருத்தவும், தேனும் காயும் சேகரிப்பவர்கள் வழி தெரியவும் கோடைதோறும் தீ வைத்தார்கள். அரசு அதைக் குற்றமாகப் பார்க்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிடும் முறையைத் தடுக்கக் கிளெக்ஹார்ன் பெரும் முயற்சி எடுத்தார்.

தீயை முறையாகத் தடுக்க முடியும் என்று முதலில் செய்துகாட்டிய இடம் மத்திய மாகாணத்தின் போரிக் காடு. 1860களின் நடுவில் அங்கே வன அதிகாரியாக இருந்த பியர்சன், காட்டைச் சுற்றிலும் குறுக்கிலும் புல்லைச் செதுக்கிக் கோடுகள் போட்டார். கோடை முற்றுவதற்கு முன்பே அந்தக் கோடுகளில் கிடந்த புல்லைக் கட்டுப்பாட்டோடு எரித்தார். பிறகு காவலாட்களை நிறுத்தினார். முடியாது என்று சக அதிகாரிகள் பலர் நினைத்த வேலை அது. ஆனால் போரியின் பெரும்பகுதி அந்தக் கோடைகளில் எரியாமல் தப்பியது. தீத்தடுப்புக் கோடு என்று தமிழக வனத்துறையினர் இன்று சொல்வதும், பேச்சில் ‘ஃபயர் லைன்’ என்பதும் அந்த வேலையின் நேர்வாரிசுதான். கருவியும் பெரிதாக மாறிவிடவில்லை; அரிவாள், மண்வெட்டி, விளக்குமாறு, தீப்பெட்டி.

இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியான ஜெர்மானியர் டீட்ரிக் பிராண்டிஸ் 1881இல் சென்னை மாகாணத்துக்கு வந்து காடுகளைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய ஆலோசனையின் பின்னணியில் உருவானதுதான் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். பெயர் மாறித் தமிழ்நாடு வனச் சட்டமாக அது இன்றும் நடப்பில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் தீ வைப்பதும், தீ பரவும்படி கவனக்குறைவாக விட்டுச்செல்வதும் அந்தச் சட்டப்படி குற்றம். காட்டில் விறகும் மேய்ச்சலும் பெறும் உரிமை உள்ளவர்கள் தீயணைக்க வனத்துறைக்கு உதவியே ஆகவேண்டும் என்று பின்னால் வந்த 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் தன் 79ஆம் பிரிவில் எழுதியது. ஊராரைத் தீயணைக்கக் கூப்பிடுவது அப்போது வேண்டுகோளாக இல்லை, கட்டாயமாக இருந்தது. உரிமையைச் சுருக்கிவிட்டுக் கடமையை மட்டும் கேட்ட இந்த ஏற்பாட்டில் மனமொப்பி வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

பிராண்டிஸின் கதைக்கு அமெரிக்காவில் ஒரு கிளை உண்டு. பணி ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பிய அவரைத் தேடிவந்து காட்டியல் கற்ற இளைஞர்களில் ஒருவர் கிஃபோர்ட் பிஞ்சாட். இவர்தான் 1905இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். இந்தியக் காடுகளில் பழகிய தீத்தடுப்புச் சிந்தனை இந்த வழியாக அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அது கோபுர வடிவம் எடுக்க ஒரு பேரழிவு காரணமாயிற்று. 1910 ஆகஸ்டில், இடாஹோ, மொன்டானா மாநிலங்களில் பற்றிய தீ, பெருங்காற்று வீசிய இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். தீ பெரிதாவதற்கு முன் பார்க்க ஆள் இருந்தால் இது நடந்திருக்காது என்ற எண்ணம் வலுத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மலையுச்சி தோறும் காவல் குடில்களும் கோபுரங்களும் எழுந்தன.

கோபுரத்தில் இருந்தவரின் வேலை வெளிப்பார்வைக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். 14 அடிக்கு 14 அடி உள்ள ஒரே அறை, நாலு பக்கமும் கண்ணாடி. அறையின் நடுவில் ஒரு பீடம். அதன்மேல் ஆஸ்போர்ன் என்ற வன ஊழியர் 1911 முதல் வடிவமைத்துச் செம்மைப்படுத்திய கருவி. வட்டமான இரும்புத் தட்டில் அந்தப் பகுதியின் வரைபடம் ஒட்டியிருக்கும். வரைபடத்தின் நட்ட நடுவே இருப்பது அந்தக் கோபுரம். வட்டத்தின் விளிம்பில் சுழலும் வளையத்தில், ஒரு பக்கம் துளையும் எதிர்ப்பக்கம் குதிரைமயிர் இழையும் இருக்கும். துளை வழியாகப் பார்த்து இழையைப் புகையின் அடியில் பொருத்தினால் திசைக்கோணம் கிடைக்கும். இன்னொரு மலைக் கோபுரத்தில் இருப்பவரும் அதே புகைக்குக் கோணம் சொன்னால், இரண்டு கோடுகளும் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ. கோபுரங்களுக்கு இடையே தொலைபேசிக் கம்பி. மின்னல் வெட்டும்போது ஏறி நிற்க, கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய முக்காலி ஒன்றும் அறையில் இருக்கும்.

இந்த வேலைக்குப் பெண்கள் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கலிஃபோர்னியாவின் கிளமத் காட்டில் 1913இல் ஹாலி டாகெட் என்ற பெண் காவல் குடிலுக்கு நியமிக்கப்பட்டபோது ஒரு பருவம்கூடத் தாங்கமாட்டார் என்று பேசினார்கள். அவர் பத்துக்கும் மேற்பட்ட கோடைகளை அங்கே கழித்தார். 1933 முதல் 1942 வரை வேலையில்லா இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய பணித்திட்டத்தில் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டன. மரச்சட்டங்களை அளவாக அறுத்து, எண் போட்டு, கோவேறு கழுதை முதுகில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மலைகள் குறைவு. அங்கே காரி என்ற நெடுமரத்தின் தண்டில் இரும்பு முளைகளைச் சுற்றிச் சுற்றி அறைந்து, உச்சிக் கிளையில் காவல் மேடை அமைத்தார்கள். 1947இல் அப்படிப் பயன்பாட்டுக்கு வந்த குளூஸ்டர் மரம் பெம்பர்ட்டன் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறு விமானங்களும், காட்டுக்குள் சாலையும், கம்பியில்லாத் தொலைபேசியும் பெருகக் கோபுரங்களின் தேவை குறைந்தது. ஆளில்லாத கோபுரம் ஆபத்து என்று கருதி அமெரிக்க வனத்துறையே பலவற்றைத் தீவைத்து எரித்தது. காட்டைத் தீயிலிருந்து காக்கக் கட்டிய கட்டடம் அந்தத் துறையின் கையாலேயே எரிந்தது விந்தைதான். மிஞ்சியவற்றைக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். ஓய்வுபெற்ற காவலர்கள், மலையேறுபவர்கள், தச்சர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் சேர்ந்து 1990இல் வனத்தீக் கண்காணிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். வரலாற்று மதிப்புள்ள கோபுரங்களுக்குத் தேசியப் பதிவேடும் தொடங்கப்பட்டது. கோடை விடுமுறையில் கண்ணாடியும் கூரை ஓடும் சுமந்து மலையேறுவது, உளுத்த சட்டத்தை அதே அளவில் மாற்றுவது, பழைய வண்ணத்தையே தேடிப் பூசுவது, சில கோபுரங்களில் சம்பளமில்லாமல் காவலும் இருப்பது என்று அவர்கள் வேலை நடக்கிறது. காட்டுத்தீ நெருங்கும்போது கோபுரத்தையே அலுமினியத் தாளால் போர்த்திக் காப்பாற்றியதும் உண்டு. கேரி ஸ்னைடர், ஜாக் கெரோவாக் போன்ற எழுத்தாளர்கள் 1950களில் காவலாளாக இருந்து அந்தத் தனிமையைப் பற்றி எழுதியது இந்த ஆர்வத்துக்குப் பாதிக் காரணம். கோபுரத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்த மற்ற ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் எதையும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் கோபுரங்களைவிட ஆட்களை நம்பியே தீக்காவல் நடந்துவந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே பார்வைமேடுகள் நிறைய இருப்பதும், கூலி மலிவாக இருந்ததும் காரணங்கள். தை மாதக் கடைசியில் பனி வற்றிப் புல் காயத் தொடங்கும்போது பக்கத்து ஊர்களிலும் மலைக்குடியிருப்புகளிலும் இருந்து தீத்தடுப்புக் காவலர்களைத் தற்காலிகமாக எடுப்பார்கள். கோடை மழை நிலைத்ததும் அனுப்பிவிடுவார்கள். ரேஞ்சர், ஃபாரஸ்டர், கார்டு, வாட்சர் என்று இறங்கிவரும் வரிசையின் கடைசிப் படிக்கும் கீழே இவர்கள். கோபுரங்களும் உண்டு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போகும் வனச்சாலையில் ‘ஃபயர் டவர்’ என்றே ஓர் இடத்துக்குப் பெயர். வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு போகும் சுற்றுலாப் பயணிகள் அதை ஒரு காட்சிமுனை என்றே அறிவார்கள். பழனி மலையிலும் நீலகிரியிலும் இருபதாம் நூற்றாண்டில் பரப்பிய சீகை, தைலம், பைன் தோட்டங்கள் சோலைக்காட்டைவிட எளிதில் தீப்பிடிப்பவை. அந்த மலைகளில் கோபுரத்தின் தேவை கூடியதற்கு அந்தத் தோட்டங்களும் காரணம். மாநிலத்தின் பல காடுகளில் இன்று காணும் கண்காணிப்புக் கோபுரங்கள் பிற்காலத்தவை. காட்டுத்தீத் தடுப்புக்கான மத்திய அரசின் நிதித்திட்டங்களில் தீக்கோடு வெட்டுவதோடு கோபுரம் கட்டுவதும் ஓர் இனம். இவற்றை மரபுச் சின்னமாகப் பேணும் வழக்கம் இங்கே வரவில்லை. துருப்பிடித்த ஏணியுள்ள கோபுரத்தில் ஏறாதே என்று பலகை வைப்பதோடு சரி.

கட்டடத்தை மரபாகப் பார்க்காத தமிழகத்தில் அந்த வேலையையே தன்னார்வலர்கள் எடுத்து நடத்தும் இடம் ஒன்று உண்டு. அது திருவண்ணாமலை.

அண்ணாமலை 2,668 அடி உயரம். சமவெளியில் தனித்து நிற்பது. சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கடியில் கோயிலும் நகரமும், தெற்கே ரமணாசிரமம், மேற்கே அடிஅண்ணாமலை, வடகிழக்கே வேலூர் சாலையில் வேங்கிக்கால். கார்த்திகையில் இந்த மலையுச்சியில் 3,500 கிலோவுக்கும் மேற்பட்ட நெய்யும் நூற்றுக்கணக்கான மீட்டர் காடாத் துணியும் கொப்பரையில் இட்டு ஏற்றும் மகாதீபம் 11 நாள் எரியும். இத்தனை பெரிய நெருப்பால் மலை பற்றிக்கொள்ளாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். மலை முழுக்கப் பச்சையாய் ஈரத்தில் ஊறியிருக்கும். மலைக்கு ஆபத்தான மாதங்கள் மாசி, பங்குனி, சித்திரை. மழையில் இடுப்பளவுக்கு வளர்ந்த புல் அப்போது வைக்கோலாய்க் காய்ந்து நிற்கும். அதே சித்திரையின் பௌர்ணமிக்குத்தான் தீபத்துக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேரும். லட்சக்கணக்கானோர் மலையடியில் நடக்கும் இரவில் ஒரு பீடித்துண்டோ, அணைக்காமல் விட்ட கற்பூரமோ, சமைத்துவிட்டுப் போன அடுப்போ போதும். வேண்டுமென்றே வைக்கும் தீயும் உண்டு. புதுப்புல்லுக்காக மேய்ப்பவர் வைப்பது, வேடிக்கைக்காக யாரோ வைப்பது.

மலை எப்போதும் புல்மலையாக இருக்கவில்லை. ரமண மகரிஷி 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, விருபாட்சி குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைமேல் இருந்தார். அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகளில் சிறுத்தை நடமாட்டம் சாதாரணமாக வருகிறது. சிறுத்தை திரிய மறைவு வேண்டும், இரை வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் விறகு வெட்டும் மேய்ச்சலும் ஆண்டுதோறும் வந்த தீயும் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. இதில் தீயின் பங்கு மிக நுட்பமானது. முற்றிய மரத்தைப் புல்தீ பெரும்பாலும் கொல்வதில்லை. மரத்தின் பட்டை தாங்கிவிடும். ஆனால் முழங்கால் உயரக் கன்றைத் தண்டோடு கருக்கிவிடும். கன்று வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த கோடையில் மறுபடி கருகும். புல்லுக்கு அந்தக் கவலையில்லை. தீ போன ஒரே மழையில் அது தழைத்துவிடும். இப்படியே ஆண்டுகள் போனால் கிழ மரம் விழ, இளமரம் எழாது. எலுமிச்சைப்புல் போன்ற எண்ணெய்ச்சத்துள்ள புல் வகைகள் நிலைத்துவிட்ட சரிவில் தீ இன்னும் சூடாக எரியும். நாலைந்து கோடைகள் தொடர்ந்து தீப்படாமல் இருந்தால்தான் கன்றின் தலை புல்லுக்கு மேலே வரும். மரம் நடுவதைவிடத் தீயைத் தடுப்பது இங்கே பெரிய வேலையாக ஆனது இதனால்தான்.

மலையை மறுபடி காடாக்கும் முயற்சி 1980களின் இறுதியில் சூடுபிடித்தது. ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஆஸ்திரேலியத் துறவி ஒருவர் 1987இல் மலையின் நிலையை விவரித்து, தம் நாட்டில் மழைக்காடுகளுக்காகப் போராடிவந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். ஜான் சீட் நிதி திரட்ட உதவினார். ஊரில் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் அமைந்தது. அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களுக்கு இடையே சும்மா கிடந்த நிலத்தில் நாற்றங்கால் போட்டார்கள். கோயிலுக்குள் நாற்றுப்பை அடுக்கியது வெறும் இடவசதிக்காக மட்டும் என்று கொள்ள முடியாது. மலையையே சிவலிங்கமாக வணங்கும் ஊரில், மரம் நடும் வேலைக்கு அதைவிடச் சிறந்த அறிமுகம் கிடைத்திருக்காது. அதே காலத்தில், 1989இல், வடஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டத் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம் பிற்பாடு வேங்கிக்காலில் அமைந்ததால் அந்தப் பக்கம் வீடுகளும் அலுவலகங்களும் பெருகின. மலையைத் தினமும் பார்க்கும் கண்களும் பெருகின.

அந்த முதல் அலையிலிருந்து கற்ற பாடம் கசப்பானது: நட்ட கன்றுகளில் கணிசமானவை தீயில் போயின. 2000களில் வந்த அடுத்த தலைமுறை முயற்சி, தீக்காவலை நடவுக்குச் சமமான வேலையாக எடுத்துக்கொண்டது. இதில் முன்நிற்பது ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை. வனத்துறையின் அனுமதியோடும் ஒத்துழைப்போடும் உள்ளூர் மர வகைகளின் விதை பொறுக்கி நாற்று வளர்க்கிறார்கள்; மழை பிடித்ததும் நடுகிறார்கள்; கோடையில் மலையைக் காக்கிறார்கள். இந்த அமைப்பு 2009இல் கணத்தம்பூண்டியில் தொடங்கிய மருதம் பள்ளியின் பிள்ளைகளுக்கும் மலைவேலை பாடத்தின் ஒரு பகுதி. கூலிக்கு வருபவர்கள், சம்பளமில்லாமல் வருபவர்கள், ஊர்க்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் என்று கலந்த கூட்டம் அது.

வேலை நடக்கும் விதம் போரிக் காட்டின் பியர்சனுக்கு உடனே புரிந்திருக்கும். பொங்கல் முடிந்து புல் பழுக்கத் தொடங்கியதும் மலையில் குறுக்கும் நெடுக்குமாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். அரிவாளால் புல்லை அடியோடு அறுத்து, சருகை வாரி, மண் தெரிய ஒரு பாதை. சரிவில் இப்படி வெட்டுவது சமதரையில் வெட்டுவதுபோல் எளிதன்று. எரியும் கட்டையோ கனன்ற சாணமோ உருண்டு கோட்டைத் தாண்டினால் கீழ்ப்புறம் புதிதாகப் பற்றும்; அதனால் பாறைத்தொடர், ஓடை, பழைய பாதை இவற்றோடு இணைத்தே கோடு போடவேண்டும். இந்தக் கோடு தானாகத் தீயை அணைத்துவிடாது. தீயை எதிர்கொள்ள ஆட்கள் நின்று வேலை செய்ய ஓர் இடம் தருவதுதான் அதன் பயன்.

மலையில் தண்ணீர் கொண்டுபோய்த் தீயணைக்க வழியில்லை. தீயணைப்பு வண்டி கிரிவலப் பாதையோடு நின்றுவிடும். இலை நெருங்கிய பச்சைக் கொப்புதான் ஆயுதம். தீ நாக்கை மேலிருந்து ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றும். கொப்பைத் தீயின்மேல் அழுத்தி, எரிந்துபோன கருந்தரைப் பக்கமாகத் தள்ளி இழுக்கவேண்டும். முன்னால் ஒருவர் நெருப்பை அடக்கிக்கொண்டே போக, பின்னால் வருபவர் புகையும் மிச்சத்தைக் காலாலும் கொப்பாலும் தேய்த்து அணைத்துக்கொண்டே வருவார். தீயின் தலைப்பக்கம் நிற்கக் கூடாது; பக்கவாட்டிலிருந்து நெருக்கி ஒடுக்கவேண்டும். நடுப்பகலில் அனல் தாங்காது. இரவில் காற்று அடங்கிப் புல்லில் லேசாக ஈரம் இறங்கும்போது வேலை எளிது, ஆனால் கால் வைக்கும் பாறை தெரியாது. பெரிய தீயென்றால் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு இரையில்லாமல் செய்வார்கள். அது கைதேர்ந்தவர்கள் மட்டும் செய்யும் காரியம்.

இங்கே காவல் கோபுரத்தின் இடத்தை மலையைச் சுற்றிய ஊர்களே எடுத்துக்கொண்டன. தனிமலை என்பதால் எந்த ஒரே இடத்திலிருந்தும் மலை முழுதும் தெரியாது. வேங்கிக்கால் மாடியிலிருந்து வடக்கு, வடகிழக்குச் சரிவுகள் தெரியும். தெற்குச் சரிவில் எரிவது அங்கே தெரியாது. ரமணாசிரமப் பக்கத்துக்காரருக்கு அடிஅண்ணாமலைப் பக்கத்துப் புகை தெரியாது. ஆஸ்போர்ன் கருவிக்கு இரண்டு கோபுரம் தேவைப்பட்டதுபோல, இந்த மலைக்கும் நாலு பக்கத்திலிருந்தும் தகவல் வேண்டும். உச்சிக்கு வலமா இடமா, எந்தப் பாறைக்குக் கீழே, எந்த ஓடைக்கு அருகே என்று கைப்பேசியில் சொல்லும் ஊர்க்காரரின் சொல் அங்கே கோணக் கணக்கின் வேலையைச் செய்கிறது. மேய்ப்பவரும் பூக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இதில் பங்காளிகள்.

அண்ணாமலையில் மறுகாடாக்கம் நடந்த இதே காலத்தில்தான் அரசும் ஊராரைத் தேடிவந்தது. 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், காட்டை ஒட்டிய கிராமங்களில் வனக்குழுக்களை அமைத்து, தீத்தடுப்பை அவற்றின் பொறுப்புகளில் ஒன்றாக்கியது. 1927ஆம் ஆண்டின் வனச் சட்டம் கட்டாயப்படுத்திக் கேட்டதைத் திட்டம் பங்கு கொடுத்துக் கேட்டது.

தீயை முற்றாகத் தடுப்பது சரிதானா என்ற கேள்வியும் இந்த வரலாற்றுக்குப் பழையது. பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயைத் தடுத்ததால் மூங்கிலும் பிற மரங்களும் அடர்ந்து தேக்குக் கன்றே எழவில்லை என்று 1896இலேயே ஸ்லேட் என்ற வன அதிகாரி எழுதினார். பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் தையிலேயே தரைச்சருகை எரித்துவந்த சிறு தீயை, 1974இல் சரணாலயமானபின் தடை செய்தார்கள். அதன்பின் உன்னிச்செடி அடர்ந்து, வரும் தீ பெருந்தீயாக வருகிறது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு காட்டுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அண்ணாமலையில் காக்கப்படுவது முதிர்ந்த காடு இல்லை, எழ முயலும் காடு. கன்றுகள் தலையெடுக்கும்வரை அங்கே எந்தத் தீயும் நட்டம்தான்.

புகை பார்க்கும் வேலையில் இப்போது செயற்கைக்கோளும் சேர்ந்துவிட்டது. 2004 முதல் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு தீத் தகவல் அனுப்புகிறது. 2017இல் 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமான பதிவுகள் வந்தன. பதிவு செய்துகொண்ட எவருக்கும் குறுஞ்செய்தி கிடைக்கும். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறைதான் கடந்துபோகும். இரண்டு வருகைக்கு இடையில் பற்றி, ஒரு மணி நேரத்தில் ஒரு சரிவை முடித்துவிடும் புல்தீ அவற்றின் கணக்கில் வராமலே போகலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிய குழு தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காட்டுக்குள் யார் போகிறார்கள், எங்கே எரிகிறது என்ற இரண்டு செய்தியும் ஒரே இடத்தில் சேராததன் விலை தெரிந்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்தது. தீக்காலத்தில் காட்டுப் பாதைகளை மூடுவது வழக்கமாயிற்று.

மலைச்சரிவின் நிலை மரத்தோடு முடிந்துபோகும் விஷயமில்லை என்பதை 2024 டிசம்பர் 1 உணர்த்தியது. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவு வ.உ.சி. நகரில் வீடுகள்மேல் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கொட்டிய மழை அசாதாரணமானது. சரிவில் வீடு ஏறியதும் ஒரு காரணம். மரவேர் பிடித்திருந்தால் சரிந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எரிந்து எரிந்து மண் தளர்ந்த சரிவு அத்தகைய மழையைத் தாங்கும் வலு குறைந்தது என்பதில் ஐயமில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபப் பணிக்குரியவர்களும் அவர்களோடு சென்ற குழுவினரும் மட்டுமே ஏறினார்கள்.

அமெரிக்கத் தன்னார்வலர்கள் கோபுரத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அதில் உட்கார ஆள் தேடவேண்டியிருக்கிறது. அண்ணாமலையில் கோபுரமின்றியே ஆட்கள் இருக்கிறார்கள். வயதாகிவரும் அவர்களுக்கு அடுத்த ஆளைத் தேடுவதுதான் இங்குள்ள சிக்கல். கட்டடத்தைப் பழுதுபார்க்க நன்கொடை தருபவர்கள் கிடைப்பார்கள். பங்குனி வெயிலில் கோடு வெட்டவும், நள்ளிரவில் கொப்போடு மலையேறவும் ஆள் கிடைப்பது அரிது. இரண்டில் அண்ணாமலையினரின் பணியே கடினமானது. அதிகம் உதவி தேவைப்படுவதும் அதுவே.

மலையேறித் தீயணைப்பது பழகியவர்கள் வேலை. புகை பார்த்துச் சொல்வது யாரும் செய்யக்கூடியது. மாசி தொடங்கிக் கோடை மழை வரும்வரை, மலையில் எந்தப் பக்கம் புகை எழுந்தாலும் வனத்துறைக்கோ, தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ, வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கோ சொல்லலாம். சொல்லும்போது எந்த இடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.